உள்ளம் தளராதிருக்கும் வழி



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் சங்க நூலகத்தில் புத்தகங்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சகோதரி ஒருவர் இரவல் வாங்கிய நூலைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கொடுத்த பின்னும் போகாமல் நின்றார். அவருடைய கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டு நான்கு மாதங்கள் ஆகிவிட்டன என்பதும், மூத்த மகன் இவ்வாண்டு பத்தாம் வகுப்பில் படிக்கிறான் என்பதும் எனக்குத் தெரியும். ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

“அண்ணா, நீங்கள் மாதந்தோறும் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறீர்கள். அதனால் உங்களைக் கேட்கிறேன். வருகிறவர் போகிறவர் எல்லோரும் ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள் அம்மா’ என்கிறார்கள். எப்படித் திடப்படுத்திக்கொள்வது என்று ஒருவராவது சொல்கிறார்களா? சோறு வடிக்கத் தெரியாத பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லையே!”

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. “யோசித்துச் சொல்கிறேன் அம்மா” என்று மட்டும் கூறினேன். இம்மாதப் பகுதி அவருக்கு நான் தரவேண்டிய விடையாகும். நான் பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே எழுத்தனாகப் பணிபுரிகிறவன். தத்துவம் கற்றவன் அல்லன். ஆதலால் பட்டதையும் படித்ததையும் வைத்தே சொல்லுகிறேன்.

முதலில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22ஆம் தேதி இரவோடு நாடெங்கும் பயணி வண்டிகள் நிறுத்தப்பட்டன. 25ஆம் தேதி முதல் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. சரக்கு வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. மருந்தும் பால் பொடியும் முகக்கவசமும் ஏற்றிச் செல்லத் தனிப் பார்சல் வண்டிகளும் விடப்பட்டன. நான் அப்போது நாகபுரியில் பார்சல் அலுவலகத்தில் இருந்தேன். ஆகையால் எனக்கு வேலை நிற்கவில்லை. வெறிச்சோடிக் கிடந்த நடைமேடையில், பெட்டிகளை எண்ணிச் சீட்டு எழுதுவது அன்றாடக் கடமையாயிற்று.

ஏப்ரல் மாதத்தில் ஒரு விடியற்காலை, கோவில்பட்டியிலிருந்து தம்பி கூப்பிட்டான். “அண்ணே, அப்பா போயிட்டாரு” என்றான். அதற்கு மேல் அவனால் பேச இயலவில்லை.

மூத்த மகன் நான். கொள்ளி வைக்க வேண்டியவன் நான். இடையிலோ ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. நாட்டிலேயே பெரிய போக்குவரத்து அமைப்பில் சம்பளம் வாங்குகிறவன், தன் தகப்பனாரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஒரு வண்டி இல்லாமல் நின்றேன். தம்பியே எல்லாவற்றையும் செய்தான். கைத்தொலைபேசியின் சிறு திரையில், நடுநடுவே அறுந்து அறுந்து வந்த காட்சியில், என் தந்தையின் இறுதிச் சடங்கைக் கண்டேன். அன்று மாலையே பணிக்கும் சென்றேன்.

அதன் பின்பு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் சொல்லுவதே முறை. எனக்கு உறக்கம் போயிற்று. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தால் அவரைப் பார்த்திருக்கலாமே என்ற எண்ணம் இரவெல்லாம் அரித்தது. விடுப்பு இருந்தும், பணச் செலவை எண்ணி அவ்வாண்டு நான் போகாதிருந்தேன். உள்ளே இருந்த வேதனை வெளியே கோபமாக வந்தது. குழந்தை சத்தம் போட்டால் சீறினேன். சாம்பாரில் உப்புக் குறைந்தால் தட்டை நகர்த்தினேன். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் பொறுத்தாள். ஒருநாள் மட்டும், “மாமா போனது எனக்கும் துக்கந்தாங்க. ஆனால் இந்த வீட்டில் இருக்கிறவர்கள் இன்னும் உயிரோடுதானே இருக்கிறோம்!” என்றாள். அச்சொல் தைத்தது, ஆனால் உடனே திருத்தவில்லை. தைப்பது வேறு, திருந்துவது வேறு அன்றோ?

வண்டிகள் ஓரளவு ஓடத் தொடங்கிய பின், அவ்வாண்டு செப்டம்பரில் ஊருக்குப் போனேன். என் தந்தையார் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிள்ளையாக இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியை அம்மா என் முன்னே வைத்தார். பழைய சம்பளச் சீட்டுகள், ஒரு மூக்குக் கண்ணாடி, நாங்கள் எழுதிய கடிதங்கள், இவற்றிற்கு அடியில் அட்டை கிழிந்த சிறு நூல் ஒன்று இருந்தது. பெயர் “மனம்போல வாழ்வு”. வ. உ. சிதம்பரம் பிள்ளை மொழிபெயர்த்தது. பக்கத்துக்குப் பக்கம் என் தந்தை பென்சிலால் கோடிட்டிருந்தார்.

கப்பலோட்டிய தமிழர் என்று சிதம்பரனாரை நாம் அனைவரும் அறிவோம். அவர் பிறந்த ஒட்டப்பிடாரம் எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ஆனால் அவர் இத்தகைய நூல் ஒன்றைத் தமிழாக்கியவர் என்பதை நான் அதுவரை அறிந்திலேன். அதை எந்த நிலையில் செய்தார் என்று அறிந்தபோதுதான், அந்தச் சகோதரி கேட்ட கேள்விக்குரிய விடை எனக்குப் புலப்படத் தொடங்கியது.

அவருடைய வாழ்வைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி பிறந்தவர். வழக்கறிஞராகத் தூத்துக்குடியில் நல்ல வருவாயோடு வாழ்ந்தவர். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள் என்பது திட்டம். “காலியா”, “லாவோ” என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. போட்டியாக இருந்த வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தத்திற்குத் துணை நின்றார். மார்ச்சு 12ஆம் தேதி கைது செய்யப்பட்டார். ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். இராசத்துரோகத்திற்கு ஓர் ஆயுள் தண்டனை. சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு மற்றோர் ஆயுள் தண்டனை. ஆக 40 ஆண்டுகள்! அப்போது அவருக்கு வயது 35. தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். மேல்முறையீட்டில் தண்டனை பெரிதும் குறைக்கப்பட்டது. எனினும், முதலில் கோயம்புத்தூர்ச் சிறையிலும் பின்னர்க் கண்ணனூர்ச் சிறையிலுமாக, 1912 டிசம்பர் வரை அவர் அடைபட்டிருந்தார்.

சிறையில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை யாது? சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றுதல். உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. பின்னர், மாடு பூட்ட வேண்டிய எண்ணெய்ச் செக்கில் அவரைப் பூட்டினர். வெயிலில் அதை இழுத்தார். அவர் இழுத்ததாகச் சொல்லப்படும் செக்கு கோயம்புத்தூர்ச் சிறையில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டுள்ளது.

இதுவரை பாடப் புத்தகத்தில் படித்ததே. நாம் கருத வேண்டியது இனி வருவது. அந்தச் சிறைக்காலத்திலேதான் அவர் ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலைத் தமிழாக்கினார். 1903இல் இங்கிலாந்தில் வெளிவந்த அச்சிறு நூலின் மையக் கருத்து, மனிதன் எதை நினைக்கிறானோ அதுவாக ஆகிறான் என்பதாகும். அதுவே “மனம்போல வாழ்வு”. கண்ணனூர்ச் சிறையில் “மெய்யறம்” என்ற அறநூலையும் சிறு சிறு அடிகளால் இயற்றினார். பகலில் உடலைச் செக்குக்குக் கொடுத்தவர், உள்ளத்தை அதற்குக் கொடுக்கவில்லை. கையை ஆள்வோர் கட்டலாம். கருத்தைத் தாமே ஆள வேண்டும் என்பது அவர் துணிபு என்று நான் உணர்கிறேன்.

இந்த இடத்தில் நாம் ஒரு தவறு செய்யக்கூடாது. “மனம்போல வாழ்வு” என்ற தொடரை மேலோட்டமாகப் பார்க்கிறவர்கள், வந்த துன்பமெல்லாம் அவரவர் எண்ணத்தால் வந்தது என்று சொல்லத் துணிவார்கள். வேலை இழந்தவனைப் பார்த்து, “உன் எண்ணம் சரியில்லை” என்பார்கள். இதைவிடக் கொடிய சொல் வேறு இல்லை. சிதம்பரனார் சிறைப்பட்டது தீய எண்ணத்தாலா? தொழிற்சாலை மூடப்பட்டது அந்தச் சகோதரியின் கணவர் சோர்ந்த மனத்தினர் என்பதாலா? என் தந்தை இறந்தபோது வண்டி ஓடாதது என் மனநிலையாலா? ஒருபோதும் இல்லை. துன்பத்தின் காரணம் பெரும்பாலும் நமக்கு வெளியே இருக்கிறது. அத்துன்பம் நம்மை எத்தகையவராக ஆக்குகிறது என்பதில்தான் நமக்குப் பங்கு உண்டு. அந்நூலிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவே.

மற்றொரு தவறும் உண்டு. உள்ளத்தைத் திடமாக வைத்துக்கொண்டால் எல்லாம் நன்றாக முடியும் என்று நம்புவது. சிதம்பரனாருக்கு எல்லாம் நன்றாக முடிந்ததா? அவர் விடுதலையாகி வெளியே வந்தபோது, வாயிலில் திரண்டு வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. கம்பெனி கலைந்துவிட்டது, கப்பல்கள் இல்லை. வழக்கறிஞர் உரிமையும் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார். கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். வறுமை விடவில்லை. இதற்கிடையே என்ன செய்தார் தெரியுமா? திருக்குறளின் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் 1917இல் பதிப்பித்தார். பின்னாளில் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமை திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியால் அழிக்கப்பட்டவர், ஓர் ஆங்கிலேயரின் நற்செயலைத் தம் மகனின் பெயரிலே நிலைநிறுத்தினார்! சில ஆண்டுகள் எங்கள் கோவில்பட்டியிலேயே தொழில் நடத்தி, 1932இல் தூத்துக்குடி திரும்பி, 1936 நவம்பர் 18ஆம் தேதி காலமானார்.

அவருக்குச் செல்வம் திரும்பவில்லை. அவர் உயிரோடிருந்த நாளில் நாடு விடுதலை பெறவும் இல்லை. ஆனால் வன்மம் அவரைத் தின்னவில்லை. சோம்பல் அவரை வீழ்த்தவில்லை. உள்ளத்திண்மை தரும் பயன் வெற்றி அன்று. தோல்வியிலும் நாம் நாமாகவே இருப்பது.

இது தமிழருக்கு மட்டும் உரிய உண்மை அன்று. வியன்னா நகரத்து மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் என்பவர், யூதர் என்ற ஒரே காரணத்திற்காக 1942 முதல் 1945 வரை நாஜிகளின் முகாம்களில் அடைக்கப்பட்டார். தந்தை, தாய், தமையன் அல்லது தம்பி என்று சொல்லத்தக்க உடன்பிறந்தான், மனைவி ஆகிய நால்வரையும் இழந்தார். எழுதி வைத்திருந்த நூலின் கையெழுத்துப் பிரதியும் ஆஷ்விட்ஸ் முகாமில் பறிபோயிற்று. பின்னொரு முகாமில் காய்ச்சலாய்க் கிடந்தபோது, கிடைத்த காகிதத் துண்டுகளில் அந்நூலின் குறிப்புகளை நினைவிலிருந்து திரும்ப எழுதினார். தம்மை எதிர்நோக்கி ஒரு கடமையோ ஓர் உயிரோ காத்திருக்கிறது என்று எண்ணியவர்களுக்கு, அந்தக் கொடுமையைத் தாங்க ஒரு பிடிப்பு இருந்தது என்று பின்னர் எழுதினார். செக்கடியில் சிதம்பரனாருக்கு ஒரு நூல். முகாமில் பிராங்கலுக்கு ஒரு நூல். நமக்கு நூல் எழுத வேண்டுவதில்லை. ஆனால் செய்து முடிக்க வேண்டிய ஒன்று நமக்கும் வேண்டும்.

சரி, அந்தச் சகோதரி கேட்டது “எப்படி” என்பது. எடுத்துக்காட்டுகளால் மட்டும் அது நிறைவேறாது. ஆதலால் நான் கைக்கொண்டு பயன் கண்ட முறையை, என் தொழிலின் மொழியிலேயே சொல்லுகிறேன்.

இரயில்வேயில் சீட்டுக் கொடுக்கும் சாளரத்தில் அமர்கிறவன், தன் வேலை முறை முடிந்ததும் உடனே எழுந்து போய்விட இயலாது. விற்ற சீட்டுகளின் கணக்கையும் பெட்டியில் உள்ள ரொக்கத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டும். ரொக்கம் குறைந்தால் கைப்பணம் போட்டுச் சரிக்கட்ட வேண்டும். கூடினாலோ அதையும் மறைக்காமல் கணக்கில் காட்ட வேண்டும். நாள்தோறும் கணக்கை முடிப்பதனால்தான், எந்தத் தவறும் மறுநாளைக்குத் தாவி வளர்வதில்லை. நான் பணத்திற்குச் செய்துவந்த இதை மனத்திற்குச் செய்ததே இல்லை என்பது, அந்தத் தகரப் பெட்டியின் முன் அமர்ந்தபோது எனக்குத் தோன்றியது.

ஊரிலிருந்து திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் எழுதினேன்.

முதலாவது, நடந்தது யாது என்பதை நடந்தபடி மட்டும் எழுதுவது. “தந்தை ஏப்ரலில் இறந்தார். வண்டி இல்லை. நான் போகவில்லை.” இவ்வளவுதான் நடந்தது. “நான் மகனே அல்லன்” என்பது நடந்தது அன்று; அது நான் சேர்த்துக்கொண்டது. குறைந்த பணத்தை மறைப்பது எப்படிக் குற்றமோ, அப்படியே இல்லாத கடனைக் கணக்கில் ஏற்றுவதும் பிழையே. பொங்கலுக்குப் போகாதது என் பிழை, அதை எழுதினேன். ஊரடங்கு என் பிழை அன்று, அதை அடித்தேன். பல மாதங்களாக என் நெஞ்சில் ஒரே சுமையாகக் கிடந்தது, அன்று இரண்டாகப் பிரிந்தது. அதில் சிறிய பகுதிதான் என்னுடையது.

இரண்டாவது, என் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று இரு பத்தியாகப் பிரிப்பது. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் அடிமையாக இருந்து, பின்னர் ஆசிரியராக விளங்கிய எபிக்டெட்டஸ் என்ற நொண்டி ஞானியின் போதனையில் இப்பாகுபாடே முதற்பாடம். இறந்தவரை எழுப்புவது என் கையில் இல்லை. வாரம் தவறாமல் அம்மாவோடு பேசுவது என் கையில் இருக்கிறது. தம்பி தனியாகத் தாங்கிய கடனில் பாதியை ஏற்பது என் கையில் இருக்கிறது. குழந்தையிடம் சீறாமல் இருப்பது முழுதும் என் கையில் இருக்கிறது.

மூன்றாவது, கையில் உள்ளவற்றுள் ஒன்றை, சிறியதொன்றை, மறுநாளே செய்வது. “நாளை முதல் புது மனிதனாவேன்” என்று எழுதினால் அது நடவாது. “நாளை மாலை மகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போவேன்” என்று எழுதினால் நடக்கும். நடந்ததும் ஒரு கோடு போடலாம். உள்ளம் பெரிய சங்கற்பங்களால் வலுப்பெறுவதில்லை; காப்பாற்றப்பட்ட சிறு வாக்குகளால் வலுப்பெறுகிறது.

எழுதுவதனால் பயன் உண்டா என்று சிலர் ஐயுறலாம். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியல் அறிஞர், சாண்ட்ரா பீல் என்பவருடன் சேர்ந்து, 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, நாளொன்றுக்கு 15 நிமிடமாக நான்கு நாள் எழுதச் செய்தனர். ஒரு குழுவினர் தமக்கு நேர்ந்த பெருந்துன்பத்தையும் அதனால் உண்டான உணர்ச்சியையும் சேர்த்து எழுதினர். வேறொரு குழுவினர் அற்பச் செய்திகளை எழுதினர். துன்பத்தை எழுதியவர்களுக்கு எழுதிய உடனே மனம் கனத்தது. ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ நிலையத்தை நாடியது மற்றவரினும் குறைந்திருந்தது. எனக்கும் முதல் சில நாட்கள் அழுகையே வந்தது. ஆகவே, எழுதத் தொடங்கியதும் வேதனை மிகுந்தால் நேயர்கள் அஞ்ச வேண்டாம். புண்ணைக் கழுவும்போது எரியத்தான் செய்யும்.

நான்காவது ஒன்று உண்டு. அதை நான் தனியே கண்டுபிடிக்கவில்லை. என் மனைவி காட்டினாள். ஒருநாள் அந்த நோட்டுப் புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமலிருந்தாள். பின்பு, “இதை எங்களிடம் அப்போதே சொல்லியிருந்தால், நாங்களும் கூட உட்கார்ந்து அழுதிருப்போமே” என்றாள். பிற ஊரில் வாழும் நாம், நம் துயரத்தை அண்டை வீட்டாருக்குச் சொல்லப் பாஷை தடையாக இருக்கிறது என்போம். நம் வீட்டாருக்குச் சொல்ல எது தடையாக இருந்தது? ஆண்பிள்ளை கலங்கக் கூடாது என்ற வீண் கௌரவம்தான். உள்ளத்திண்மை என்பது வாயை மூடிக்கொண்டிருப்பது அன்று. சொல்ல வேண்டியவரிடம் சொல்லும் துணிவும் அதில் ஒரு பகுதி.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். உறக்கமின்மையும் ஊணில் வெறுப்பும் வாரக்கணக்கில் நீடித்தாலும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும், நோட்டுப் புத்தகத்தை நம்பியிராமல் மருத்துவரை நாட வேண்டும். காய்ச்சலுக்கு மருந்துண்ண நாணாத நாம், மனநோய்க்கு நாணுவது அறியாமை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய “டெலி மானஸ்” என்ற தொலைபேசி உதவிக்கு எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். தாய்மொழியிலே அழுவதற்கு ஓர் இடம் இருப்பது நம்மைப் போன்றோருக்குச் சிறிய செய்தி அன்று. இந்த எண்ணை வீட்டுச் சுவரில் நாட்காட்டிக்கு அருகில் எழுதி வையுங்கள்.

இவற்றையெல்லாம் சென்ற வாரம் அந்தச் சகோதரியிடம் சொன்னேன். அவர் என் நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்தார். “இரண்டு பத்தியா? இதை எங்கள் வீட்டு மளிகைக் கணக்கின் பின்பக்கத்திலேயே போடலாமே!” என்றார். நூலக மேசையிலேயே அமர்ந்து எழுதலானார். தொழிற்சாலை திறப்பது கையில் இல்லை. கணவருக்கு எப்போது வேலை கிடைக்கும் என்பது கையில் இல்லை. வீட்டுக்காரரைப் பார்த்து வாடகைக்குத் தவணை கேட்பது கையில் இருக்கிறது. மகனுடைய தேர்வுக் கட்டணத்தைப் பற்றிச் சங்கக் காரியதரிசியிடம் பேசுவது கையில் இருக்கிறது. அதுவரை அவர் பேசாதிருந்தது கௌரவத்தைக் கருதித்தான். கடைசியாக ஒன்று எழுதி, சற்றுத் தயங்கி, எனக்குக் காட்டினார். “அவர் வீட்டிலே சும்மா இருக்கிறார் என்று பிள்ளைகள் எதிரில் இனிச் சொல்லமாட்டேன்.”

நேயர்களே, அந்த ஒரு வரியை எழுதுவதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் கணவருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. வாடகைக்குத் தவணை கிடைத்திருக்கிறது. தேர்வுக் கட்டணத்தைச் சங்கம் ஏற்றிருக்கிறது. மற்றவை நின்றபடியே நிற்கின்றன. ஆனால் நேற்று அவரைச் சந்தையில் கண்டபோது, “அண்ணா, எழுதுகிறேன்; இவரும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்” என்றார்.

என் தந்தையின் அந்தக் கிழிந்த நூல் இப்போது என் மேசையில் இருக்கிறது. அவர் எந்தத் துன்பத்தில் அதை வாங்கினார், எந்த இரவில் அந்தக் கோடுகளை இட்டார் என்று கேட்க இனி வழியில்லை. கேளாதது என் கணக்கில் நிற்கும் ஒரு குறைவு. அதைச் சரிக்கட்ட எனக்குத் தெரிந்த வழி ஒன்றே. என் மகள் வளர்ந்து கேட்கும்போது, என் கோடுகள் எவை என்று மறைக்காமல் அவளுக்குச் சொல்லுவேன்.

உங்கள் பெற்றோர் உயிரோடிருந்தால், இம்மாதமே அவர்களிடம் கேளுங்கள்: “அம்மா, அப்பா, மிகவும் கஷ்டப்பட்ட காலத்தில் நீங்கள் எதைப் பற்றிக்கொண்டு நின்றீர்கள்?” என்று. அவர்கள் சொல்லும் விடையை எழுதி எனக்கு அனுப்பினால், அடுத்த இதழில் பெயரின்றி வெளியிடுவேன். அந்தச் சகோதரியைப் போலக் கேள்வியோடு நிற்கும் வேறொருவருக்கு அது உதவும்.